இடம் மாறிய முடி

“இந்தப் படம் நிஜம்னு எங்க சொந்தக்காரங்க முன்னாடி வந்து சொல்லணும். அவ்வளவுதான் உங்க வேலை.”

உட்காருங்கள் என்று யாரும் சொல்வதற்குள் அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டார். கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து, கையில் ஏறிய எறும்பை உதறுவதுபோல மேஜைமேல் போட்டார். ஊரில் பெயர் சொன்னால் தெரிகிற தையற்கடை அவருடையது. அளவெடுப்பதுபோலவே ஆட்களையும் மேலும் கீழும் பார்த்தார். பார்த்த வரையில் எதுவும் பிடித்ததாகத் தெரியவில்லை.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வக்கீலம்மா. கறுப்புக் கோட்டைக் கழற்றிப் பல வருஷம் ஆகிவிட்டது, பெயர்தான் கழலவில்லை. இப்போது துப்பறிவதுதான் தொழில். ஜன்னலோரம் நின்றவர் அவருடைய உதவியாளர் கண்டக்டர். நகரப் பேருந்தில் டிக்கெட் கிழித்தவர். சோதனைக்கு ஏறிய மேலதிகாரியிடமே ‘படிக்கட்டுல தொங்காதீங்க, உள்ளே போங்க’ என்று அதட்டிய அன்றைக்கு வேலை போயிற்று. வாய் மட்டும் போகாமல் கூடவே இறங்கி வந்துவிட்டது.

கண்டக்டர் பென் டிரைவை மடிக்கணினியில் செருகி, அந்த அம்மாள் காட்டிய படத்தைத் திறந்தார். பழைய படம். சிவப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. ஒரு காரின் முன் கண்ணாடி திரை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. அதன் கீழ்ப்பாதியில் வெயில் பட்டு வெள்ளையடித்திருக்க, மேலே மூன்று முகங்கள். முன் இருக்கைகளில், நெஞ்சுவரை தெரிய, நீலச் சட்டையில் ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும். பின்னாலிருந்து இருவருக்கும் நடுவே தலையை நீட்டி, பல் தெரியச் சிரிக்கிற ஒருவர்.

“இவர் யாரு?” என்று வக்கீலம்மா இளைஞனைத் தொட்டுக் காட்டினார்.

“என் தம்பி. என் வீட்டுக்காரரைக் கொன்னவன்.”

கண்டக்டர் அந்த முகத்தைத் திரையில் பெரிதாக்கினார்.

“எதிர்ல நின்னு எடுத்த படம். அதனால ஓட்டறவன் நமக்கு இடது பக்கம் தெரியறான்” என்றார் அந்த அம்மாள். “பக்கத்து சீட்டுல நான். பின்னாடி சிரிக்கறவர் என் வீட்டுக்காரர். கிளம்பும்போது வாசல்ல நின்னு எங்கப்பா எடுத்தது. தெருமுனை திரும்பின உடனே கார் பாலத்துச் சுவர்ல மோதிச்சு. அவர் அங்கேயே போயிட்டார். எனக்கு மண்டையில அடி. அன்னைக்கு நடந்தது ஒண்ணும் ஞாபகம் இல்ல. கண்ணைத் திறந்தப்ப நான் ஆஸ்பத்திரியில, அவன் போலீஸ் ஸ்டேஷன்ல. ஜெயிலுக்குப் போனான், வந்தான். நான் அவன் முகத்துல முழிக்கறதில்ல. என் பொண்ணுக்கு அப்ப பல்லு முளைக்கல. இப்ப அவளுக்கே ஒரு பொண்ணு இருக்கு.”

“இத்தனை வருஷம் கழிச்சு இப்ப ஏன்?”

“அப்பா போன மாசம் போயிட்டார். சும்மா போகல. ‘சின்னவன் மேல தப்பில்ல’ன்னு எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லிட்டுப் போனார். அதுலேருந்து சித்தப்பா, அத்தை, எல்லாரும் அவனைச் சேர்த்துக்கோ, சேர்த்துக்கோன்னு என் உயிரை வாங்கறாங்க. இந்தப் படத்தைக் காட்டி ஒரேயடியா வாயை அடைக்கணும்.”

“படம் எப்படி வந்துச்சு?”

“அவன் அனுப்பினது. அப்பா ஃபிலிம்ல எடுத்த ஸ்லைடு, நெகட்டிவ் எல்லாம் ஒரு பெட்டி நிறைய அவன்கிட்ட இருக்கு. வீட்டுலயே வச்சுப் போடற ஸ்கேனர் ஒண்ணு வாங்கி, மொத்தத்தையும் ஏத்தி, சித்தப்பா கையில கொடுத்தனுப்பினான்.”

“தனக்கு எதிரான சாட்சியைத் தானே பார்சல் கட்டி வீடு தேடி அனுப்பிச்சாரா?” என்றார் கண்டக்டர். “இவ்வளவு ஒத்துழைக்கிற குற்றவாளியை நான் பார்த்ததே இல்ல.”

அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். “இந்த ஆளு பேசறதுக்கும் சேர்த்துச் சம்பளமா?”

“இல்ல. பேச்சு இலவசம்” என்றார் வக்கீலம்மா. “சம்பளம் வண்டி ஓட்டறதுக்கு. கண்டக்டர், வண்டியை எடுங்க. கம்ப்யூட்டர்ல இருக்கறதை வச்சு நான் சத்தியம் பண்ண முடியாது. இந்தப் படத்தோட ஸ்லைடை என் கண்ணால பார்க்கணும்.”

“நானும் வருவேன்” என்று எழுந்தார் அந்த அம்மாள். “ஆனா வண்டியை விட்டு இறங்க மாட்டேன். அவன் நிழல்கூட என்மேல படக் கூடாது.”

*

தண்ணீர்ப் பம்பு பழுது பார்க்கும் பட்டறை அது. பாதிக் கதவு மட்டும் திறந்திருந்தது. உள்ளே கழற்றிப் போட்ட மோட்டார்கள், செம்புக் கம்பிச் சுருள்கள், எண்ணெய் குடித்துக் கறுத்த தரை. நடுவில் ஒரு தொட்டி. அதில் ஒரு பம்பு ஓடிக்கொண்டிருந்தது. பம்புக்குப் பின்னால் நரைத்த தாடியோடு ஒருவர் குந்தியிருந்தார். படத்திலிருந்த இளைஞன்தான். யாரோ நடுவில் பல பக்கங்களைக் கிழித்துவிட்டதுபோல இருந்தது முகம்.

“உங்க அக்கா அனுப்பிச்சாங்க” என்றார் வக்கீலம்மா.

மெக்கானிக்கின் கை நின்றது. “எதுக்கு?”

“கார்ல எடுத்த படம் ஒண்ணு அனுப்பியிருக்கீங்க. அதோட ஸ்லைடு வேணும்.”

“கிடையாது. தூக்கிப் போட்டுட்டேன்.”

“அது மட்டும் போச்சா, எல்லாமே போச்சா?” என்றார் கண்டக்டர். அவர் கண் அதற்குள் பட்டறையின் கடைசிவரை போய்த் திரும்பிவிட்டது. மூலையில் ஒரு மேஜை. அது மட்டும் சுத்தமாகத் துடைத்திருந்தது. அதன்மேல் அந்த ஸ்கேனர், சிறிய கறுப்புப் பெட்டி. வயிற்றில் குறுக்கே ஒரு துவாரம். துவாரத்தில் பாதி செருகிய பிளாஸ்டிக் தட்டு. பக்கத்திலேயே அட்டைச் சட்டம் போட்ட ஸ்லைடுகள், செங்கல் அடுக்கியதுபோல. “அதோ, குவிஞ்சு கிடக்குதே. தூக்கிப் போட்டது திரும்பி நடந்து வந்துடுச்சா?”

மெக்கானிக் எழுந்தார். பம்பின் குழாயைத் தொட்டியிலிருந்து எடுத்தார். எதற்கு எடுக்கிறார் என்று கண்டக்டருக்கு விளங்குவதற்குள் தண்ணீர் அவருடைய நெஞ்சில் அறைந்தது.

“வெளியே போங்க.”

வக்கீலம்மா மட்டும் எப்படியோ நனையவில்லை. கண்டக்டரின் முதுகுக்குப் பின்னால் சரியான நேரத்தில் ஒதுங்கியிருந்தார். இருவரும் கதவைத் தாண்டும்போது, பின்னாலிருந்து குரல் வந்தது. அதட்டல் இல்லாத, வேறு ஒரு குரல்.

“அந்தப் படத்தைப் பார்த்தாளா அவ? பின்னாடி இருக்கறவர் முகம் தெளிவா இருக்குன்னு சொன்னாளா?”

“பார்த்தாங்க” என்றார் வக்கீலம்மா. “முகத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல.”

கதவு அவர்கள் முகத்தில் சாத்தப்பட்டது.

*

காரின் பின் இருக்கையில் அந்த அம்மாள் கல்லாக உட்கார்ந்திருந்தார். சொட்டச் சொட்ட வந்த கண்டக்டரைப் பார்த்ததும் உதட்டைச் சுழித்தார்.

“கொடுக்கலயா?”

“குளிப்பாட்டி அனுப்பினார்” என்றார் கண்டக்டர். “சோப்பு ஒண்ணுதான் குறை.”

வக்கீலம்மா முன் இருக்கையில் ஏறி, மடிக்கணினியைத் திறந்தார். பென் டிரைவிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். கடற்கரை, தொட்டில், மாடிப்படி, யாரோ தூங்குவது, யாரோ தும்முவது. கண்டக்டர் சட்டை நுனியைப் பிழிந்தபடி எட்டிப் பார்த்தார்.

“இந்த மனுஷன் ஸ்கேனரைத் துடைக்கவே மாட்டார்போல” என்றார். “எல்லாப் படத்துலயும் ஒரு முடி விழுந்திருக்கு பாருங்க. வலது பக்க மேல் மூலையில. கடல்லயும் முடி, தொட்டில்லயும் முடி.”

உண்மைதான். கொக்கிபோல வளைந்த ஒரு சின்ன முடி எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருந்தது. ஸ்லைடுகளில் கறுப்பாக, நெகட்டிவிலிருந்து நிறம் மாற்றி எடுத்த படங்களில் வெள்ளையாக.

“போகப் போக அதுக்கும் நரைச்சுடுச்சு” என்றார் கண்டக்டர்.

வக்கீலம்மா சிரிக்கவில்லை. கார்ப் படத்தைத் திறந்தார். திரையைக் கண்டக்டர் பக்கம் சாய்த்து, விரல் நகத்தால் ஓர் இடத்தைத் தொட்டார்.

அதே கொக்கி முடி. ஆனால் இடது பக்க மேல் மூலையில். கொக்கியும் எதிர்ப்பக்கமாக வளைந்திருந்தது.

கண்டக்டர் குரலைத் தாழ்த்தினார். “ஸ்லைடை மாத்திப் போட்டுட்டார்போல. முன்பக்கம் பின்பக்கமா…”

“ஸ்லைடை மாத்திப் போட்டா ஸ்லைடுல இருக்கறது திரும்பும்” என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார் வக்கீலம்மா. “முடி ஒட்டியிருக்கறது ஸ்கேனர் கண்ணாடியில. அது ஏன் திரும்பணும்?”

கண்டக்டர் யோசித்தார். ஸ்லைடை எப்படிச் செருகினாலும் கண்ணாடியில் இருக்கிற முடி இருந்த இடத்தில்தான் இருக்கும். அதுவும் சேர்ந்து இடம் மாறியிருக்கிறது என்றால், ஸ்கேன் செய்து முடித்த பிறகு, கம்ப்யூட்டரில் வைத்து, படத்தை முழுசாக யாரோ இடம் வலமாகத் திருப்பியிருக்கிறார்கள். கை தவறி நடந்ததில்லை. வேண்டுமென்றே செய்தது. இந்த ஒரு படத்தில் மட்டும் கீழ்ப்பகுதி வெட்டியிருப்பதும் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. நம்பர் பிளேட் இருந்திருக்க வேண்டிய இடம். விட்டிருந்தால் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகத் தெரிந்து காட்டிக் கொடுத்திருக்கும்.

அப்படியானால் இந்தப் படத்தில் இடப்பக்கம் இருப்பவர் நிஜத்தில் வலப்பக்கம். வலப்பக்கம் இருப்பவர்…

கண்டக்டரின் பார்வை தன்னையறியாமல் மேலே இருந்த கண்ணாடிக்குப் போயிற்று. பின் இருக்கையில் அந்த அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈரச் சட்டைக்குள் கண்டக்டருக்குக் குளிர் அடித்தது.

“என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு?” என்றார் அந்த அம்மாள்.

“ஒரு சந்தேகம். கேட்டுட்டு வந்துடறோம்” என்று வக்கீலம்மா கதவைத் திறந்தார். மடிக்கணினியைக் கையோடு எடுத்துக்கொண்டார்.

*

இந்தத் தடவை கதவைத் தட்டவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். மெக்கானிக் மூலை மேஜையருகே நின்றிருந்தார். இடது கையில் ஒரே ஒரு ஸ்லைடு. வலது கையில் ஈயம் உருக்கும் டார்ச், நீல நாக்கை நீட்டிச் சீறிக்கொண்டிருந்தது.

“இன்னும் ஒரு அடி வச்சீங்கன்னா இது இருக்காது.”

கண்டக்டர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். வக்கீலம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எரிங்க. எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. ஆனா பின் சீட்டுல இருக்கறவரும் சேர்ந்து எரிவார். அதை யோசிச்சுக்கோங்க.”

டார்ச் நகரவில்லை. ஸ்லைடும் நகரவில்லை.

“முடியலைல்ல?” என்றார் வக்கீலம்மா. “முடிஞ்சா முன்னாடியே எரிச்சிருப்பீங்க. அவரோட முகம் தெளிவா இருக்கான்னு ஒரு தடவை கேட்டீங்க பாருங்க, எனக்கு அங்கயே இடிச்சது. உங்க மேல பழி சொல்ற படத்தை நீங்க அனுப்பல. அவரோட படத்தைத்தான் அனுப்பினீங்க. அதுக்காகத்தான் அதைத் திருப்பிப் போட்டீங்க. நீங்க ஓட்டின மாதிரி தெரியறதுக்கு.”

மெக்கானிக் டார்ச்சை அணைத்தார். திடீரென்று வந்த அமைதியில் தொட்டிப் பம்பின் சத்தம் பெரிதாகக் கேட்டது.

“அவ அப்பதான் ஓட்டக் கத்துக்கிட்டிருந்தா” என்றார். “மச்சான்தான் உட்கார வச்சார். முனையில திரும்பும்போது பிரேக்குன்னு நினைச்சு ஆக்ஸிலேட்டரை மிதிச்சுட்டா. நான் பார்க்கறப்ப மச்சான் போயிட்டார். இவளுக்கு நினைவு இல்ல. வீட்டுல கைக்குழந்தை. அப்பா அதைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கறார், அது அழற சத்தம் அங்க வரைக்கும் கேட்குது. நான் அவளை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுட்டு அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அப்பா ஓடி வந்து பார்த்தார். ஒண்ணும் சொல்லல. கடைசி வரைக்கும் சொல்லல. கடைசியில சொல்லிட்டார்.”

“நீங்க யாருக்கும் சொல்லலயா?”

“எதுக்கு? அவ என்னை வெறுத்துக்கிட்டாவது நல்லா இருந்தா. கடை வச்சா, பொண்ணை வளர்த்தா. உண்மை தெரிஞ்சா யாரை வெறுப்பா? தன்னைத்தானே.” ஸ்லைடைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். “மச்சான் அப்படிச் சிரிச்சு ஒரு படம்கூட அவகிட்ட இல்ல. கல்யாணப் போட்டோவுல முறைச்சுக்கிட்டு நிப்பார். இந்தப் பெட்டியில இது கிடைச்சுது. தராம இருக்க மனசு வரல. தயவு பண்ணி நிஜம்னு சொல்லிட்டுப் போயிடுங்க. உங்களுக்கு என்ன நஷ்டம்?”

வக்கீலம்மா மடிக்கணினியை மூடினார். கோர்ட்டில் பொய் சாட்சியைக் கேட்டுக் கேட்டுச் சலித்துத்தான் அவர் கோட்டைக் கழற்றியது. கண்டக்டருக்கு அது தெரியும். இந்த அம்மா இப்போது என்ன சொல்லப் போகிறார் என்பது மட்டும் தெரியவில்லை.

வாசலில் வெளிச்சம் மறைந்தது.

தையற்கடை அம்மாள் நின்றிருந்தார். எப்போதிலிருந்து நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாது. மெக்கானிக்கின் முகம் நொடியில் மாறியது. தோள் விறைத்தது, குரல் கரகரத்தது.

“வா. வேடிக்கை பார்க்க வந்தியா? ஆமாம், நான்தான் ஓட்டினேன். நல்லா வேகமாத்தான் ஓட்டினேன். இப்ப என்ன? போ வெளியே.”

அந்த அம்மாள் அவரைப் பார்க்கவே இல்லை. “சொல்லுங்க வக்கீலம்மா. படம் நிஜமா?”

வக்கீலம்மா எழுந்து நின்றார். “கேட்கத்தான் போறீங்கன்னா பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு தடவை கேட்டுட்டா, கேட்கலைன்னு ஆக்க முடியாது.”

“சட்டைக்குப் பாக்கெட் எந்தப் பக்கம்?”

யாருக்கும் புரியவில்லை.

“அந்தப் படத்துல அவன் போட்டிருக்கற நீலச் சட்டை நான் தைச்சது” என்றார் அந்த அம்மாள். குரலில் கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அடியில் எங்கோ தையல் விட்டுப் போயிருந்தது. “நான் எந்தச் சட்டைக்கும் வலது பக்கம் பாக்கெட் வைக்கமாட்டேன். பென் டிரைவ் வந்த அன்னைக்கே பார்த்தேன், படத்துல அது வலது பக்கம் இருந்துச்சு. படம் திரும்பியிருக்குன்னு பார்த்த கணமே தெரிஞ்சுது. அப்புறம் தெரியலைன்னு வச்சுக்கிட்டேன். படிச்ச மனுஷங்க யாராவது பார்த்துட்டு, இல்லம்மா, உனக்குத்தான் கண்ணு சரியில்ல, படம் நிஜம்தான்னு சொல்லுவாங்கன்னு உங்ககிட்ட வந்தேன். சண்டை போட்டாவது சொல்ல வச்சிடலாம்னு வந்தேன்.”

“அக்கா…”

“பேசாதே.” இரண்டே எட்டில் தம்பி முன்னால் போய் நின்றார். “யாரைக் கேட்டுடா செஞ்சே? நான் சொன்னேனா உன்னை ஜெயிலுக்குப் போகச் சொல்லி? தெருவுல உன்னைப் பார்த்தா எதிர்ப்பக்கம் போனேன். என் பொண்ணு கல்யாணத்துக்கு வாசல்ல வந்து நின்னே, ஆளை விட்டு விரட்டினேன். அதையெல்லாம் என்னைச் செய்ய வச்சுட்டு நீ பாட்டுக்கு இங்க மோட்டார் கழட்டிக்கிட்டு இருந்திருக்கே. நான் எவ்வளவு கேவலமா ஆகணும்னு நீ முடிவு பண்ணுவியா?”

மெக்கானிக் தலையைத் தூக்கவில்லை. “உன்னைக் காப்பாத்தணும்னு…”

“உன்னை நான் மன்னிக்க மாட்டேன்.”

“தெரியும்க்கா.”

“இதுக்காக மன்னிக்க மாட்டேன். மறைச்சதுக்காக.”

“அதுவும் தெரியும்.”

அந்த அம்மாள் கையை நீட்டினார். மெக்கானிக் தயங்கித் தயங்கிச் சட்டைப்பையிலிருந்து ஸ்லைடை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாள் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நகத்தளவு உலகத்துக்குள் மூன்று பேர், தெருமுனைக்கு முன்னால். கண்டக்டர் பார்வையைத் தரைக்கு மாற்றிக்கொண்டார். வண்டி நிறையக் கூட்டம் இருந்தபோதெல்லாம் சும்மா இருக்காத வாய், இப்போது மூன்று பேருக்கு நடுவில் இருக்கிற இடம் தெரியாமல் கிடந்தது.

“பல்லைக் காட்டிக்கிட்டு இருக்கார்” என்றார் அந்த அம்மாள் மெதுவாக. “எனக்கு இது ஞாபகமே இல்ல.”

வக்கீலம்மா கண்டக்டரின் ஈரக் கையைத் தொட்டு, போகலாம் என்று சைகை காட்டினார். வந்த வேலை முடிந்துவிட்டது. இங்கே இனி துப்பறிய ஒன்றும் இல்லை.

அவர்கள் வாசலுக்கு வந்தபோது, அந்த அம்மாள் வக்கீலம்மா விட்டுப்போன ஸ்டூலைக் காலால் இழுத்துத் தம்பிக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். சண்டைக்கு உட்காருகிற மாதிரிதான் உட்கார்ந்தார்.

“அன்னைக்குக் காலையிலேருந்து சொல்லு. ஒண்ணு விடாம. நான் என்ன சமைச்சேன்? அதுலேருந்து ஆரம்பி.”

மெக்கானிக் தாடியைத் துடைத்துக்கொண்டார்.

“நீ சமைக்கலக்கா. குழந்தை ராத்திரியெல்லாம் அழுதுச்சுன்னு உன்னைத் தூங்க விட்டுட்டு, மச்சான்தான் சமைச்சார்.”